பொலிஸ்காரருக்கு வணக்கம் சொன்ன பிள்ளை

அவளுடைய சனி ஞாயிறு லீவு வியாழக்கிழமை மத்தியானமே தொடங்கிவிடும். திங்கட்கிழமை பின்னேரம்தான் முடியும். "அப்ப படிப்பு எப்ப பிள்ளை?" என்று நான் கேட்டால், "செவ்வாயும் புதனும் மாமி, அது காணும்" என்பாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொல்வாள். அவள் ஓரிடத்தில் இருந்து சப்பாத்துப் போட்டதை நான் கண்டதில்லை. ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிக் கதவு வரைக்கும் போய், மற்றக் காலை அங்கே வைத்துத்தான் நுழைப்பாள்.

லண்டனில் வளர்ந்த பிள்ளை. இத்தாலிப் பாஷை படிக்கிறவர்கள் ஒரு வருசம் இங்கே வந்திருந்து படிக்க வேண்டுமாம். பலேர்மோ யூனிவர்சிற்றிக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுடைய தாய் என் கணவருக்கு ஒன்றுவிட்ட தமக்கை. அந்த முறையில் நான் மாமி, அவர் மாமா. பலேர்மோவின் பழைய பக்கமான அல்பெர்கேரியாவில், பல்லாரோச் சந்தைக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் குசினியோடு இருந்த அறையில் படுத்தோம்.

ஆள் உயரமில்லை. தலைமயிர் ஒரு பற்றைக் காடு. தகப்பனுடைய பழைய ஜக்கெற்றைத்தான் எந்த நேரமும் போட்டிருப்பாள். மெல்லக் கதைக்க வராது. அவள் குசினியில் நின்று உப்பைக் கேட்டால் சந்தையில் நிற்கிற மீன்காரன் திரும்பிப் பார்ப்பான்.

தாய் லண்டனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பா, கீழே உள்ள கோப்பிக் கடைக்கு. இங்கே கோப்பிக் கடைக்குப் பார் என்றுதான் பேர். எங்களுக்கென்று போன் இல்லை. பார்க்காரன் ஒழுங்கையில் நின்று, அம்மணி என்கிற மாதிரி, "சீனியோரா" என்று பாட்டுப்போல் இழுப்பான். நான் இறங்கி ஓடுவேன்.

"மச்சாள், எங்கை பிள்ளை?"

"லைப்ரரிக்குப் போட்டாள் மச்சாள்."

"ஞாயிற்றுக்கிழமையுமோ?"

"ஞாயிற்றுக்கிழமைதான் அங்கை சனம் குறைவாம்."

அந்த நேரம் பிள்ளை வெனிஸில் யாருடைய வள்ளத்தில் ஏறி நிற்கிறதோ, ரோமாபுரியில் எந்தக் கன்னியாஸ்திரிகளோடு சீட்டாடுகிறதோ, எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு சாமியைக் கூப்பிடுவேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்று நடந்தால் நான் இந்த மனுசிக்கு எந்த முகத்தைக் காட்டுவது.

ஆனால் அந்தப் பயம் சின்னப் பயம். பெரிய பயம் வேறு. அந்த வருசம் எனக்கும் அவருக்கும் பெர்மெஸ்ஸோ இல்லை. நாட்டில் இருக்கலாம் என்று பொலிஸ் கந்தோரில் கொடுக்கிற கடதாசி அது. என் பேரப்பிள்ளைகள் இப்போது அந்தக் கடதாசிக்கு மேல் கோப்பிக் கோப்பையை வைக்கிறார்கள். நாங்கள் அப்போது சுவரோடு சுவராக நடந்தவர்கள். பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற கதவடியில்தான் நிற்போம். எங்கே இருக்கிறீர்கள் என்று எங்களுடைய ஆட்களே கேட்டாலும் "பல்லாரோப் பக்கம்" என்பதோடு வாயை மூடிவிடுவோம். நான் கூட்டித் துடைக்கப் போகிற சீனியோரா வீட்டில் வேலை முடிந்து வரும் வழியில் பொலிஸ் வாகனத்தைக் கண்டால் மரக்கறிக் கடையில் ஒதுங்கி, கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைக்காரன் என்னைக் கத்தரிக்காய்ப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பான்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அவள் வந்தாள். சிலருக்குக் கணக்கு வராது, சிலருக்குப் பாட்டு வராது. அவளுக்குப் பயம் வராது.

பொலிஸ்காரரைக் கண்டால் நின்று வணக்கம் சொல்வாள். சும்மா சொல்லிவிட்டுப் போக மாட்டாள். வழி கேட்பாள். வழி தெரிந்திருந்தாலும் கேட்பாள். "அவையும் பாவம்தானே மாமி, நாள் முழுக்க நிக்கினம், ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

முதற்பயணம் நாப்போலிக்கு. கப்பலில் போய்க் கப்பலில் வந்தாள். திங்கட்கிழமை என் மனுசனுக்கு லீவு. அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடற்கரையோரத்து மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில், குசினியில் சிப்பி உரசிக் கழுவுகிறவர். சாரத்தோடு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். படியில் இரண்டு பேருடைய காலடி கேட்டது. ஒன்று அவளுடையது, துள்ளிக்கொண்டு வந்தது. மற்றது சப்பாத்து, பாரச் சப்பாத்து. கதவு ஓட்டையால் பார்த்தேன். தொப்பி தெரிந்தது.

நான் திரும்பி மனுசனிடம் சொல்லக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் குசினி யன்னலால் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விட்டார். நாற்பது கடந்த மனுசன் அவ்வளவு கெதியாக ஏறுவார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கதவைத் திறந்தேன். பொலிஸ்காரன் அவளுடைய பையைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்கி நின்றான்.

"மாமி, இவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கோ. பாவம், பையைத் துறைமுகத்திலையிருந்து தூக்கிக்கொண்டு வந்தவர். இவரின்ரை மகளுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குதாம்."

நான் கொண்டுபோன தண்ணியில் பாதி தரையில் கிடந்தது. மீதியை அவன் குடித்தான். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். மேசையில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள். நான் ஒன்றை எடுத்து மடமடவென்று குடித்தேன். பிறகு மற்றதையும் எடுத்துக் குடித்தேன். அவன் "கிராட்சியே சீனியோரா" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

"பிள்ளை, பொலிஸை வீட்டை கூட்டிக்கொண்டு வாறதே?"

"நான் கூட்டிக்கொண்டு வரேல்லை மாமி. அவர் தூக்கித் தரட்டோ எண்டு கேட்டவர். ஓம் எண்டனான்."

"பொலிஸ் கேட்டால் எல்லாத்துக்கும் ஓமே?"

அவளை இருத்தி வைத்து விசயத்தைச் சொன்னேன். எங்களுக்குக் கடதாசி இல்லை, பிடித்தால் அனுப்பிவிடுவார்கள், கொழும்பில் இறங்கினால் அங்கே நிற்கிற பொலிஸ்காரன் பையைத் தூக்கித் தர மாட்டான் என்று சொன்னேன். அவள் கண்ணை அகட்டிக் கேட்டாள். "சொறி மாமி, எனக்குத் தெரியாது" என்றாள். கண்ணும் கலங்கியது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "மாமா எங்கை?" என்றாள். கூரையைக் காட்டினேன். கலங்கின கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வியாழக்கிழமையே தெருமுனையில் நின்ற போக்குவரத்துப் பொலிஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஸ்டேசனுக்குப் போனாள்.

நான் அவளோடு ஐரோப்பா முழுக்கச் சுற்றினேன், சாளை மீனின் குடலை எடுத்துக்கொண்டு. திங்கள் பின்னேரம் நான் மீன் வெட்டுவேன், அவள் பக்கத்தில் குந்தி இருந்து கதை சொல்வாள். மெசினாவில் ரயிலைப் பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றுவார்களாம். சரி பிள்ளை, நீ சொன்னால் சரி என்றேன். ஃபிளோரன்சில் பெரிய படங்கள் உள்ள இடத்துக்குப் போனாளாம். வரிசை நீளம் என்றபடியால் உள்ளே போகாமல் வாசல் கூட்டுகிற பெண்களோடு இருந்து சாப்பிட்டாளாம். "அப்ப படம்?" "படம் எங்கையும் போகாது மாமி." வியன்னாவில் நின்று பார்க்கிற பாட்டுக் கச்சேரிக்குப் போய், பக்கத்தில் நின்ற கிழவரின் தோளில் நித்திரையாகிவிட்டாளாம். கிழவர் பாட்டு முடியும் மட்டும் அசையவில்லையாம். மார்செய்யில் வலை பின்னுகிறவர்களோடு சேர்ந்து வலை பின்னினாளாம். சுவிஸ் எல்லையில் மோப்ப நாய் அவளுடைய பைக்குள் மூக்கை விட்டு, எங்கள் வறுத்த மிளகாய்த்தூளை மணந்து, தும்மித் தும்மிச் செத்ததாம். "சாகேல்லை மாமி, சும்மா சொல்லுறன். ஆனா நல்லாக் கஷ்டப்பட்டது." நாய்க்காகத்தான் கவலைப்பட்டாள்.

அந்தத் தூள் கதை வேறு. எங்கள் ஆட்களில் ஒருவர் எங்கேயாவது போகிறார் என்றால் பார்சல் வந்துவிடும். அவள் சூரிச்சுக்குப் போகிறாள் என்று மணந்து பிடித்துவிடுவார்கள். தங்கைக்கு முறுக்கு, மருமகளுக்குச் சரக்குத்தூள், பிறந்த பிள்ளைக்குக் கறுத்தப் பொட்டு. எல்லாவற்றையும் அவள் வாங்கி அடைவாள். சொந்த உடுப்பு ஒன்று, மிச்சமெல்லாம் ஊராருடைய பலகாரம்.

கதையைக் கேட்டுச் சிரிப்பேன். ஆனால் படுத்த பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பேன். எந்தக் கிழவரின் தோள், எந்த வள்ளம், யாருடைய வீட்டு வாசல். இந்த உலகத்தில் அவள் கண்ட ஆட்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். அப்படி எத்தனை நாளைக்கு இருப்பார்கள் என்பதுதான் என்னுடைய பயம்.

இப்போது அவளுக்கும் வயது போய்விட்டது. லண்டனில் வேலை, குடும்பம், எல்லாம் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் போனில் கதைப்பாள். "லீவுக்கு எங்கை பிள்ளை போனனீ?" என்று கேட்டால் "எங்கையும் போகேல்லை மாமி, வீட்டிலைதான்" என்பாள். மெல்லிய குரலில் சொல்வாள்.

அந்த வருசத்தில் அவளுக்கு இருந்த இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ரயிலில் பக்கத்தில் இருந்தவர் யாரானாலும், இறங்கும்போது எங்கள் வீட்டு அட்ரஸை எழுதிக் கொடுத்துவிடுவாள். கடதாசி இல்லையென்றால் அவர்களுடைய கையில் எழுதுவாள். "பலேர்மோவுக்கு வந்தால் வாங்கோ. என்ரை மாமி நல்லாச் சமைப்பா." ஒருநாள் டென்மார்க்காரர் இரண்டு பேர் முதுகுப் பையோடு வந்து நின்றார்கள். சோறு போட்டேன். ஒருவன் மிளகாயைப் பயற்றங்காய் என்று கடித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் சொந்த ஆட்களிடமே மறைத்த அட்ரஸ், அவள் வந்த பிறகு ஐரோப்பாக்காரருடைய உள்ளங்கையில் கிடந்தது.

மனுசனுக்கு இதெல்லாம் நித்திரை கெடுக்கிற விசயம். அவர் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி மாஸ்கோ வழியால் வந்தவர். காட்டுக்குள் நடந்து, லொறிக்குள் படுத்து, ஒரு எல்லையில் தன்னுடைய பாஸ்போட்டைக் கிழித்துப் பாதியைப் பற்றைக்குள் எறிந்து, மீதியைச் சப்பி விழுங்கியவர். அதிலிருந்து அவருக்கு ஒரு சட்டம் உண்டு. அதை அவளுக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் பாடமாகச் சொல்வார்.

"பிள்ளை, நீ ஆரெண்டு அவங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால்தான் கரைச்சல். பாஸ்போட் கையிலை இருந்தா, திருப்பி அனுப்ப அவங்களுக்கு ஒரு இடம் இருக்கு. இல்லையெண்டால் இடமில்லை."

"என்னை எங்கை மாமா திருப்பி அனுப்புவினம்? லண்டனுக்குத்தானே."

"எங்கையெண்டாலும் திருப்பி அனுப்ப விடக்கூடாது."

அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

பிறகு ஒரு முறை ரயிலில் யாரோ அவளுடைய பையை அடியால் வெட்டிவிட்டார்கள். சோப்பும் துவாயும் விழுந்து போனது. பாஸ்போட் ஜக்கெற் பொக்கற்றில் இருந்தபடியால் தப்பியது. அவள் அதையும் கதையாகச் சொன்னாள், "கள்ளன் நல்லா மணக்கட்டும்" என்று. மனுசன் எழும்பிப் போனார். அவருடைய முகத்தைப் பார்த்த எனக்கு, இந்த ஆள் ஏதோ செய்யப் போகிறார் என்று தோன்றியது. கேட்டால் சொல்லவா போகிறார்.

அடுத்த வியாழக்கிழமை அவள் சூரிச்சுக்குப் புறப்பட்டாள். பார்சல் நிறைய.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சோறு வைப்பதற்கு அரிசி வாளிக்குள் அளக்கிற சுண்டை விட்டேன். ஏதோ தட்டுப்பட்டது. பொலித்தீன் பையில் சுற்றி, றப்பர் வளையம் போட்டு, அவளுடைய பாஸ்போட். திறந்தால் படத்திலும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அரிசிக்குள் ஒளிக்கிற மூளை எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அந்த மூளை ஸ்ஃபெர்ராகவால்லோவில் சிப்பி கழுவிக்கொண்டிருந்தது.

நான் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டேன். ரயில் இப்போது எங்கே நிற்கும், எல்லையைத் தாண்டியிருக்குமா என்று யோசித்தேன். அதற்குள் கீழே பார்க்காரன் "சீனியோரா" என்று இழுத்தான். வெள்ளிக்கிழமையில் அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"மாமி, நான்தான். பயப்பிடாதேங்கோ."

அவள் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"எங்கை நிக்கிறாய்?"

"சுவிஸ் எல்லையிலை. ரயிலாலை இறக்கி இத்தாலிப் பொலிஸிட்டைக் குடுத்திட்டினம். பாஸ்போட்டைக் காணேல்லை. ஆரோ எடுத்திட்டாங்கள் போலை."

"அது இஞ்சை கிடக்குப் பிள்ளை. அரிசிக்குள்ளை."

"அரிசிக்குள்ளையோ?"

"மாமான்ரை வேலை."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மாமி, இவை என்ரை யூனிவர்சிற்றி அடையாள அட்டையை நம்பினமில்லை. ஆரின்ரையோ அட்டையிலை வாறன் எண்டு நினைக்கினம். பலேர்மோவிலை எங்கை இருக்கிறாய், ஆரோடை இருக்கிறாய் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கினம். அங்கத்தைப் பொலிஸை வீட்டை அனுப்பிப் பாப்பினமாம். சரியெண்டால் உடனை விட்டிடுவினமாம்." குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும் என்பதே எனக்குப் புதினம். "அட்ரஸைக் குடுக்கட்டே மாமி?"

பக்கத்து மேசையில் நாலு பேர் சீட்டாடினார்கள். பார்க்காரன் ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஊரெல்லாம் கொடுத்த அட்ரஸ். வள்ளக்காரனுக்கும் டென்மார்க்காரனுக்கும் கேட்காமல் கொடுத்தவள், இன்றைக்கு என்னிடம் கேட்கிறாள். குடு என்றால் பொலிஸ் எங்கள் வீட்டுப் படியேறும். குடாதே என்றால் அந்தப் பிள்ளை அங்கேயே இருக்கும். என்ன மாதிரி இடத்தில், என்ன மாதிரி ஆட்களோடு, யாருக்குத் தெரியும்.

"குடு" என்றேன். "குடு பிள்ளை. பாஸ்போட் வீட்டிலை இருக்கெண்டும் சொல்லு. நாங்கள் எங்கையும் போகமாட்டம், இருந்து காட்டுவம்."

"உங்கடை குரல் நடுங்குது மாமி."

"அது பார்க்காரன்ரை கோப்பி மெசின்."

"சரி மாமி" என்றாள். போன் வைத்த சத்தம் கேட்டது.

பின்னேரம் மனுசன் வந்தார். நான் பாஸ்போட்டை மேசையில் வைத்துவிட்டு விசயத்தைச் சொன்னேன். அவர் நின்ற இடத்திலேயே குந்தினார்.

"அவளின்ரை நன்மைக்குத்தான் செய்தனான்."

"நன்மையைக் கொண்டுபோய் அரிசிக்குள்ளை வைச்சியள்."

"வேறை இடத்திலை வைச்சிருந்தா கள்ளன் எடுத்திருப்பான்."

"கள்ளன் எடுத்திருந்தா நான் இப்ப நிம்மதியாச் சோறு திண்டிருப்பன்."

பாஸ்போட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ என்னெண்டு சொன்னனீ, அட்ரஸுக்கு?" என்று கேட்டார்.

"குடு எண்டு சொன்னன்."

தலையை ஆட்டினார். ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை. "நீ உன்ரை சிநேகிதி வீட்டை போ. நான் இருந்து காட்டுறன்" என்றார்.

"நீங்கள் அவங்களோடை என்ன பாஷையிலை கதைப்பியள்? சிப்பியின்ரை பாஷையிலையோ?"

இருவரும் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தோம். நான் நல்ல சீலை ஒன்றை உடுத்தினேன். பிடித்துக்கொண்டு போனால் மானமாகப் போக வேண்டும் என்று. அவர் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை சவரம் செய்தார். ஒரு பையில் மாற்றுடுப்பும் சாமிப் படமும் வைத்துக் கதவடியில் வைத்தேன். கீழே ஒழுங்கைக்குள் ஸ்கூட்டர் வந்தால் இரண்டு பேரும் ஒன்றாய் எழும்புவோம். போய்விட்டால் ஒன்றாய் இருப்போம்.

சனிக்கிழமை படியில் பாரக் காலடி கேட்டது. ஒவ்வொரு படியிலும் இரும்பு இடிக்கிற சத்தம். மனுசன் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பாஸ்போட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். "எக்கோ, எக்கோ" என்றார். இதோ, இதோ என்று.

வாசலில் காஸ் சிலிண்டர்க்காரன் தோளில் சிலிண்டரோடு நின்றான். பாஸ்போட்டைப் பார்த்தான், மனுசனைப் பார்த்தான். எனக்கு இது வேண்டாம், வெறும் சிலிண்டரைத் தா என்றான்.

அவன் போன பிறகு மனுசன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய சிரிப்பு நின்ற பிறகும் தோள் ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்க்காதது போல் காஸைப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தாயின் போன் வந்தது. லைப்ரரி என்றேன். "அவள் இப்பிடிப் படிப்பாள் எண்டு நான் நினைக்கேல்லை மச்சாள். எல்லாம் நீங்கள் வடிவாப் பாத்ததாலைதான்" என்றா.

பொலிஸ் வரவில்லை. சனியும் வரவில்லை, ஞாயிறும் வரவில்லை. வராதது இன்னும் பயம். வந்தால் பாஸ்போட்டைக் காட்டலாம், பிள்ளையை விடுவார்கள். வராவிட்டால் அங்கே என்ன நடக்கிறது.

திங்கட்கிழமை பின்னேரம் படியில் ஒரு காலடி வந்தது. மெதுவாக, படி படியாக. எனக்கு ஆளைத் தெரியவில்லை. கதவைத் திறந்தால் அவள். வாசலில் நின்று, வந்த படியைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, தானே கதவைச் சாத்தித் திறப்பால் பூட்டினாள்.

"பொலிஸ் இஞ்சை வரேல்லைப் பிள்ளை."

"வராது மாமி. நான் குடுக்கேல்லை."

"பின்னை என்ன சொன்னனீ?"

"எனக்கு வீடில்லை, ரயிலிலைதான் படுக்கிறனான் எண்டு சொன்னன். நம்பேல்லை. திருப்பித் திருப்பிக் கேட்டவை. நானும் திருப்பித் திருப்பி அதையே சொன்னன். நேற்று என்ரை புரொபெசர் ஒருத்தரின்ரை வீட்டுக்குப் போன் எடுத்து என்னைப் பற்றிக் கேட்டாப் பிறகுதான் விட்டவை."

"நான் குடு எண்டு சொன்னனானெல்லே."

"கோப்பி மெசின் எண்டும் சொன்னனீங்கள்."

கையைப் பார்த்தேன். பத்து விரல் நுனியும் கறுப்பு. மை பூசிக் கடதாசியில் அமத்தி எடுத்தார்களாம். நான் அவளைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போய்த் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், சீனியோராவின் வெள்ளிக் கரண்டி தேய்க்கிறது போல. நகக்கண்ணுக்குள் இருந்த மை போகவில்லை. அவள் சும்மா கையைத் தந்துகொண்டு நின்றாள். பைக்குள் ஊராருடைய முறுக்கெல்லாம் பொலிஸ் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துத் தூளாய்க் கிடந்தது. எந்தக் காட்டுக்குள் போய் வந்தாலும் கதையோடு வருகிற பிள்ளை, அந்த மூன்று நாளைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. நான் மீனை வெட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுசன் வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"பிள்ளை, மாமாவிலை கோவமே?"

"இல்லை மாமா. நீங்கள் சொல்லுறது சரிதான். நாங்கள் ஆரெண்டு அவைக்குத் தெரியக்கூடாது."

இத்தனை வருசமாய் அவர் சொன்ன சட்டத்தைச் சரியென்று ஒப்புக்கொண்டது அவள் ஒருத்திதான். மனுசன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மத்தியானம் வந்தது. அவள் சப்பாத்துப் போடவில்லை.

"இண்டைக்கு வியாழன் பிள்ளை."

"தெரியும் மாமி. படிக்கக் கிடக்கு."

"படிப்பு செவ்வாயும் புதனுமெல்லோ. பாஸ்போட் உன்ரை மேசையிலைதான் கிடக்கு. அரிசிக்குள்ளை இனி அரிசிதான் இருக்கும். எங்கையாவது போவன். ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு வீடு."

சிரித்தாள். ஆனால் போகவில்லை. கோயில் கோயிலாய் நான் கும்பிட்டது இதைத்தான், இந்தப் பிள்ளை ஒரு சனி ஞாயிறாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று. சாமி கேட்டுவிட்டது. எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கதவில் தட்டுக் கேட்டது. மெல்லிய தட்டு. பொலிஸ் அப்படித் தட்டாது. நான் எழும்பப் பார்த்தேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அவள்தான். மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்திருந்தாள்.

வெளியே ஒரு கிழவியின் குரல் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மூன்று மாடி ஏறிய மூச்சு. பிள்ளை, நான்தான், பொலோஞ்ஞாவில் இறங்கினவள், ரயிலில் என்னோடு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா. தங்கச்சியைப் பார்க்கப் பலேர்மோவுக்கு வந்தேன். நீ வரச் சொன்னாயே.

மனுசன் வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவளைப் பார்த்தேன். அந்தக் கிழவியை அவளுக்குத் தெரியும், குரலைக் கேட்டதும் கண்ணில் தெரிந்தது. ஒருதரம் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். என் மணிக்கட்டில் பிடி இறுகியது. வாயைத் திறக்காமல் மூக்கால் மெல்ல மெல்ல மூச்சு விட்டாள். அப்படி மூச்சுவிடப் பழக எங்களுக்கு வருசக் கணக்கு எடுத்தது.

கிழவி இன்னொரு தரம் தட்டினாள். பிறகு, சரி பிள்ளை, இதை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். காலடி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. ஒழுங்கைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும் நாங்கள் அசையவில்லை.

பிறகு நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் நாடா கட்டிய பெட்டி ஒன்று. உள்ளே வீட்டில் செய்த கேக், மேலே சீனி தூவினது.

நல்ல கேக். மூன்று பேரும் சத்தமில்லாமல் சாப்பிட்டோம்.